ஆறு பேருக்கு ஒரு மேசை

நீங்க பர்கரை எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பீங்க? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூன்று வாரமாக எனக்கு இதே யோசனைதான். முதல் கடையில், வேளச்சேரியில் அந்தப் பெரிய மாலின் மேல்மாடியில், மேல் பன்னைத் தூக்கித் தனியாக வைத்துவிட்டு, உள்ளே இருந்த கோழி வடையைப் பிய்த்துப் பிய்த்து பன்னுக்குத் தொட்டுக்கொண்டேன், இட்லிக்குச் சட்னி மாதிரி. எதிர் மேசையில் இருந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, சிரிக்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். நல்ல பிள்ளைகள். எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சிரித்தால் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். இரண்டாவது கடையில் தெரிந்துகொண்டேன், இரண்டு கையாலும் பிடிக்கணும், கட்டை விரல் இரண்டும் அடியில், மற்ற விரல் எல்லாம் மேலே, காகிதத்தோடு சேர்த்து அமுக்கி, தலையை லேசாகச் சாய்த்து ஒரு ஓரத்தில் ஆரம்பிக்கணும். நடுவில் கடித்தால் எல்லாம் பின்பக்கமாக வழுக்கி மடியில் விழும். இது நாலாவது கடை, தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்து. மணி பத்து நாற்பது. பன்னிரண்டரைக்கு தன்ஷிகாவை ஸ்கூல் கேட்டில் கூப்பிடணும், எல்.கே.ஜி. பிள்ளை, அதற்குப் பதினொன்று இருபதுக்குள் பஸ் ஏறிவிடணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு அஞ்சு பேரை இங்கேயோ வேறு எங்கேயோ உட்கார வைத்து, மெட்ராஸிலேயே நல்ல பர்கர் இதுதான் என்று நான் காட்டணும். காட்டுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. சொன்ன அன்றைக்கு நான் பர்கர் தின்றதே இல்லை.

பொய் சொல்லணும் என்று சொல்லவில்லை. ஸ்கூல் கேட்டுக்கு இடது பக்கம் டிரான்ஸ்பார்மர், வலது பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு. திட்டில் அஞ்சு பேர் உட்காரலாம், கூடப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் அஞ்சு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் டிரான்ஸ்பார்மர் பக்கம் நிற்பேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஜூன் மாசம் ஸ்கூல் திறந்த முதல் நாள் அங்கே வேப்பமரத்து நிழல் விழுந்தது, நின்றேன், மறுநாளும் நின்றேன், அப்புறம் அது என் இடம் ஆகிவிட்டது. பஸ்ஸில் கூட அப்படித்தானே, முதல் நாள் கம்பியைப் பிடித்தவள் கடைசி வரை கம்பிதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. "தன்ஷிகா அம்மா, நாளைக்கு என்ன கலர் டிரஸ் போடணும்?" என்று கேட்பார்கள். அதற்காகவே ஸ்கூல் டைரியை ராத்திரி மனப்பாடமாகப் படித்துவிட்டுப் போவேன். மஞ்சள் என்று சொல்வேன். "ஓ, மஞ்சளா" என்பார்கள். அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான். மறுநாள் பச்சை. அப்படி இருக்கும்போதுதான் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹேமா அக்கா, ரக்‌ஷனாவோட அம்மா, அவங்கதான் அந்தத் திட்டுக்கே தலைவி மாதிரி, காரெல்லாம் ஓட்டுவாங்க, "செத்துப்போன நாக்குக்கு ஒரு நல்ல பர்கர் வேணும்டி, இந்த ஊர்ல எங்கதான் கிடைக்குது" என்றாங்க. ஒருத்தி ஒரு கடையைச் சொன்னாள், இன்னொருத்தி அங்கே பன் காய்ந்துபோயிருக்கும் என்றாள், மூன்றாவது ஆள் எல்லாம் ஒரே பிரிஜ்ஜில் இருந்து வருகிறதுதான் என்றாள். அப்போது ஒரு குரல், "எனக்கு ஒரு இடம் தெரியும்" என்றது. என் குரல்தான். அஞ்சு முகமும் ஒன்றாகத் திரும்பின. நான் இந்த ஊருக்கு வந்து பதினொரு மாசம், இத்தனை முகம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினது அன்றைக்குத்தான். "பாருடி இவங்கள, சைலண்டா இருந்துட்டு. எங்க, சொல்லுங்க தன்ஷிகா அம்மா." "சொல்ல மாட்டேன்க்கா, கூட்டிட்டே போறேன்." எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம். எல்லோரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. சிரித்துக்கொண்டே திட்டின் ஓரத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்தாள். ஒரு சாண் இடம் வந்தது. நான் உட்காரவில்லை, உடனே உட்கார்ந்தால் அலைகிற மாதிரி இருக்கும் என்று நின்றுவிட்டேன். அந்த ஒரு சாணுக்காகத்தான் இந்த நாலு கடை. பர்கருக்காக இல்லை. பர்கர் எனக்கு என்ன, நான் சோறு தின்கிறவள்.

ஏ.சி. காற்று நேரே உச்சந்தலையில் இறங்குகிறது. மேசை பிசுபிசுக்கிறது, துடைத்த துணியில் சோப்பு அதிகம், அலசவில்லை. எழுதிக்கொண்டேன். தன்ஷிகா கிறுக்கி முடித்த டிராயிங் நோட்டின் பின்பக்கத்தில் நாலு கடைக்கும் கட்டம் போட்டிருக்கிறேன். பன் மெத்தென்று இருக்கிறதா, விரலால் அமுக்கினால் எழும்புகிறதா. கோழி உள்வரை வெந்திருக்கிறதா. கை கழுவத் தண்ணீர்க் குழாய் எங்கே, ஏனென்றால் இரண்டாவது கடையில் குழாயே இல்லை, காகிதத்தால் துடைக்கச் சொன்னார்கள், மயோனைஸ் வாசம் மறுநாள் கோலம் போடும்போது கூட விரலில் இருந்தது. ஆறு பேர் ஒரே மேசையில் உட்காரலாமா, மேசையை மேசையோடு சேர்த்தால் திட்டுவார்களா. கடைசியாக, நான் முக்கியமாக வைத்திருப்பது, பாட்டுச் சத்தம். மூன்றாவது கடை, அடையாறில், பர்கர் அருமை, நெய்யில் வாட்டின பன், ஆனால் பாட்டு நெஞ்சுக்குள் இடிக்கிற மாதிரி போட்டிருந்தார்கள். அதற்குப் பூஜ்யம் போட்டேன். அஞ்சு பேரும் பேசினால் எனக்குக் கேட்கணும், நான் பேசினால் அவர்களுக்குக் கேட்கணும், எனக்குத் தொண்டை சின்னது. இந்தக் கடையில் பாட்டு மெல்ல ஓடுகிறது, யாரோ பக்கத்து அறையில் முனகுகிற மாதிரி. நல்லது. பெரிய மேசை ஒன்று ஜன்னலோரம் காலியாகக் கிடக்கிறது. எல்லாமே காலியாகத்தான் கிடக்கிறது, நான் ஒருத்தி, கல்லாவில் ஒருத்தி. வியாழக்கிழமை காலை, யார் வருவார்கள். நாளைக்கும் இப்படியே இருந்தால் வசதி. ஹேமா அக்கா காரில் அஞ்சு பேர்தான் உட்காரலாம், அவங்களையும் சேர்த்து அஞ்சு. அதை நான் முன்னாடியே யோசித்துவிட்டேன், "நீங்க காரில வாங்கக்கா, நான் பஸ்ஸில முன்னால போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிடணும். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடணும். அவர்கள் காருக்குள் பார்த்து எண்ணுகிறதை நான் பார்க்கக்கூடாது.

இவர் கேட்டார், என் வீட்டுக்காரர், சுடலைமணி. லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, அதைச் சொல்லிச் சொல்லி நான் சிரிப்பேன். போன வாரம் டிராயிங் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏ பொன்மாரி, என்னதுட்டி இது, பரீட்சைப் பேப்பரா" என்றார். சொன்னேன். "பன்னுக்குள்ள வடையை வச்சா அது பர்கர். இதுக்கு எதுக்கு ஊரெல்லாம் சுத்துத." "உங்களுக்கென்ன, ஒரு நாளைக்கு நாப்பது பேரோட பேசுதிய. நான் யாரைப் பாக்கேன்" என்றேன், சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் சொல்லி முடிக்கும்போது கரண்டி கையில் நின்றுவிட்டது.  இவர் என்னவோ சொல்லத்தான் வாயைத் திறந்தார், அதற்குள் போன் அடித்தது, பெருங்குடியில் ஒரு கட்டிடத்தில் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். உள்ளே மாட்டினவருக்கு ஒரு மணிப்பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் ஆள் போகும். அன்றைக்கு அதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முதல் கடைக்குப் போன அன்று அந்த மாலில் லிஃப்டில் நான் மட்டும் ஏறினேன், கதவு மூடும்போது ஒரு பெண் குரல் இங்கிலீஷில் என்னவோ சொன்னது. "சரி தாயி" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மேலே போய்ச் சேர்கிறவரை எனக்குள்ளேயே சிரித்தேன், கதவு திறந்ததும் அந்தச் சிரிப்பை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இவரிடம் சொல்லலாம், சொன்னால் அந்தக் குரலை எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று விளக்குவார். அம்மாவிடம் போனில் சொன்னால், "பிள்ளைக்குச் சளி விட்டுச்சா" என்பாள். ஒரு சிரிப்பை வீடுவரை கொண்டுபோய், மாடி ஏறி, பூட்டைத் திறக்கும்போது அது ஆறிப்போயிருந்தது.

பன்னிரண்டரை, பன்னிரண்டரை, மறக்கக்கூடாது. மூன்றாவது கடைக்குப் போன அன்று ஏழு நிமிஷம் பிந்திவிட்டேன். பஸ் சிக்னலில் நின்ற ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காட்சி கண்ணுக்குள் ஓடினது. பிள்ளை வெள்ளைச் சாக்ஸோடு ரோட்டில் இறங்கிவிட்டாள், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள், இல்லை, டிரான்ஸ்பார்மர் பக்கம் போய் நிற்கிறாள், நான் நிற்கிற இடம் என்று நினைத்து, கம்பியைத் தொடுகிறாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வாட்ச்மேன் பக்கத்தில் அமைதியாக நின்றுகொண்டிருந்தாள். "அழுதியா தங்கம்?" "இல்லம்மா, எண்ணிக்கிட்டு இருந்தேன். நூறு வந்துச்சு, நீ வரல, திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன்." அதற்கு அழுதிருக்கலாம். அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்திருப்பேன். நாலு வயசில் இவள் இப்படிப் பொழுதைத் தனியாக ஓட்டக் கற்றுக்கொள்வது யாரைப் பார்த்து என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அந்தத் திட்டில் எனக்கு இடம் இருந்தால், நான் பிந்தினாலும் யாராவது ஒருத்தி, "தன்ஷிகா, இங்க வாடா, அம்மா வந்துடுவாங்க" என்று மடியில் உட்கார வைத்திருப்பாள். அவர்களுக்குள் அப்படித்தான் செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி மூக்குத் துடைக்கிறாள். நாளைக்குப் பர்கர் நன்றாக இருந்துவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து என் பிள்ளைக்கும் மூக்குத் துடைக்க ஆள் இருக்கும். சிரிக்காதீங்க, எனக்கு அப்படித்தான் கணக்கு.

வந்துவிட்டது. கல்லாவில் இருந்தவளே கொண்டுவந்து வைத்தாள், நெஞ்சில் பெயர் குத்தியிருக்கிறாள், அமுதவல்லி, என்னைவிட ரெண்டு வயசு இளையவளாக இருப்பாள். மரப்பலகையில் வைத்து, நடுவில் ஒரு குச்சி குத்தி, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். குச்சியை எடுத்துவிட்டுத்தான் கடிக்கணும், அதையும் அனுபவத்தில் கற்றவள் நான். பன்னை அமுக்கினேன், எழும்பியது, குழந்தைக் கன்னம் மாதிரி. மேலே எள். இரண்டு கை, கட்டை விரல் அடியில், ஓரம். ஐயோ, இது வேற. கோழியை அரைத்துத் தட்டினது இல்லை, தொடைக் கறியையே மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்திருக்கிறார்கள், கடிக்கிறபோது சத்தம் காதுக்குள் கேட்கிறது, உள்ளே சாறு, அதற்குள் மிளகு, சும்மா வாசத்துக்குப் போட்ட மிளகு இல்லை, மூக்கு வரைக்கும் ஏறுகிற மிளகு, வெங்காயத்தை எதிலோ இனிக்க இனிக்க வதக்கி அடியில் பரப்பியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் எதிரில் ஹேமா அக்கா, கையில் இதே பர்கர், "தன்ஷிகா அம்மா, சான்ஸே இல்ல, எங்க பிடிச்சீங்க இந்தக் கடைய" என்கிறாங்க. பக்கத்தில் இருப்பவள் வாயில் அடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறாள். ஒருத்தி மடியில் சாஸ் கொட்டிவிட்டது, நான் காகிதத்தை எடுத்து நீட்டுகிறேன், "உங்க பேர் என்னங்க, எவ்ளோ நாளா தன்ஷிகா அம்மான்னே கூப்பிடறோம்" என்கிறாள். பொன்மாரி. "என்ன அழகான பேரு." அந்த மால் லிஃப்ட் கதையைச் சொல்கிறேன். சரி தாயி. ஆறு பேரும் சிரிக்கிறோம், மேசை ஆடுகிறது. கண்ணைத் திறந்தால் அஞ்சு நாற்காலி, ஒன்றின் மேல் என் பை. பரவாயில்லை, நாளைக்கு. கட்டம் முழுக்க டிக் போட்டேன். பன், டிக். கோழி, ரெண்டு டிக். குழாய் இருக்கிறது, கல்லாவுக்குப் பின்னால், தண்ணீர் வருகிறது. சத்தம், டிக். கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை பெரிய ஊரில், வீடியோவில் டாப் டென் என்று கத்துகிறவர்கள் யாரும் சொல்லாத ஒரு சந்துக் கடையில். எழுந்து போய்ச் சொல்லணும் போல இருந்தது, போய் அமுதவல்லியிடம் சொன்னேன். "ரொம்ப நல்லாருக்குங்க. நாளைக்குக் காலைல பத்தரைக்கு ஆறு பேர் வாறோம், எல்லாருக்கும் இதே சிக்கன்தான், அந்த ஜன்னல் மேசையை எடுத்து வச்சிருங்க." அவள் என்னைப் பார்த்தாள், சந்தோஷமாகவும் இருந்தது அவள் முகம், கொஞ்சம் ஆச்சரியமாகவும். "வாங்கக்கா, உங்க புண்ணியத்துல அடுப்பு எரியட்டும். நேத்து புரட்டாசி பொறந்துச்சுல்ல, இன்னிக்கு காலைல இருந்து மொத சிக்கன் நீங்கதான். இனி ஒரு மாசம் இப்டிதான், ஈ ஓட்டணும். நீங்க கிறிஸ்டியனாக்கா?"

இல்லை என்றேன். இல்லைங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். புரட்டாசி. புரட்டாசியா. எங்கள் விளாத்திகுளம் பக்கத்தில் புரட்டாசி என்றால் விதைப்பு. வானத்தைப் பார்த்துக்கொண்டு உளுந்தும் சோளமும் போடுகிற மாசம், காட்டில் நிற்கிறவர்களுக்குக் கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது. ரெண்டு தெரு தள்ளிப் பெருமாள் கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள், அவர்களும் சனிக்கிழமை மட்டும்தான். எங்கள் சாமிக்கு வருஷம் பூரா கிடாயும் சேவலும். மெட்ராஸில் மாசம் முழுக்கக் கறியை நிறுத்துவார்கள் என்று கேள்விப்படாமல் இல்லை, போன புரட்டாசி கடைசியில் நாங்கள் குடிவந்த புதிதில், "என்ன, கறிக்கடை எல்லாம் ஆள் இல்லாமக் கெடக்கு" என்று இவர் சொன்னார்தான், நான் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே "ம்" கொட்டினேன்தான். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை என்று கேட்டில் நிற்கிற அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நானே போட்டேன். காலண்டரில் பெரிய எழுத்தைப் பார்த்தேன், கீழே சின்ன எழுத்தைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கோழி வெந்திருக்கிறதா என்று பார்த்தேன், மாசம் பார்க்கவில்லை. ஹேமா அக்கா நெற்றியில் சின்னதாகச் சிவப்புக் கோடு இழுத்துக்கொள்கிறவங்க, காரில் முன்னால் திருப்பதிப் படம் வைத்திருக்கிறவங்க, அதெல்லாம் தினமும் பார்த்த கண்தானே இது. மெசேஜைத் திறந்தேன். "பர்கர் டே, 19 வெள்ளி, எல்லாரும் வாங்க", நான் எழுதினது, கூடவே நாலு பர்கர் பொம்மை. அதற்குக் கீழே ரெண்டு பேர் கட்டை விரல். ஹேமா அக்கா ஒரு சிரிப்புப் பொம்மை, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை. அன்றைக்கு அதைப் பத்து தடவை திறந்து பார்த்தேன், சந்தோஷத்தில். இப்போது பார்த்தால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. பொம்மை அதே பொம்மைதான். புரட்டாசியில் கோழி தின்னக் கூப்பிடுகிறாளே என்று சிரித்ததா. ஆளுக்கு ஆள் காட்டிச் சிரித்ததா. இல்லை, அவங்களும் தேதி பார்க்காமல் சும்மா சிரித்ததா. நேற்று கேட்டில் பார்த்தபோது சாதாரணமாகத்தானே கேட்டாங்க, "நாளன்னிக்கு என்ன கலர்?" என்று. நாளன்னிக்கு பர்கர் என்று சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லையே. நீலம் என்றேன். "ஓ, நீலமா."

பாதி பர்கர் பலகையில் இருக்கிறது. வாயில் இருந்த மிளகு இப்போது உறைப்பாக மட்டும் இருக்கிறது. சரி, அழுது என்ன ஆகப்போகிறது, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம் என்று மறுபடி எழுந்துபோய், "வெஜ் பர்கர் எப்படி இருக்கும்ங்க" என்றேன். "பன்னீர் இருக்கு, காளான் இருக்கு. பன்னீர் சுமார்க்கா, நான் பொய் சொல்ல மாட்டேன். காளான் நல்லாருக்கும். ஆனா அதே எண்ணெயிலதான் பொரிப்போம், கேட்டா சொல்லிடணும்ல." அதே எண்ணெய். புரட்டாசி பிடிக்கிறவர்களை அந்த எண்ணெயில் உட்கார வைக்க முடியுமா. நாலு கடையிலும் அதே எண்ணெயாகத்தான் இருக்கும், நான் எண்ணெய்க்குக் கட்டம் போடவில்லையே. ஐப்பசிக்குத் தள்ளிவைக்கலாமா. ஒரு மாசம். ஒரு மாசத்தில் தீபாவளி வரும், லீவு வரும், பர்கர் பேச்சே மறந்துபோகும், ஓரத்தில் அவள் நகர்ந்து கொடுத்த அந்த ஒரு சாண் மறுபடி மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டது கூட யாருக்கும் தெரியாது. இல்லை, நானே போன் போட்டு முந்திக்கொண்டு சொல்லிவிடணும். அக்கா, மன்னிச்சிக்கோங்க, புரட்டாசின்னு பாக்கல. கூடவே அதையும் சொல்லிவிடலாமா, எனக்குக் கடை எதுவும் தெரியாதுக்கா, உங்ககூட உக்காந்து பேசணும்னு சொன்னது. சொல்லலாம். சொன்னால் என்ன நினைப்பாங்க. ஹேமா அக்கா நம்பர் இருக்கிறது, குரூப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்தேன், ஒரு தடவையும் அடித்ததில்லை. மணி பதினொன்று ஐந்து. பதினைந்து நிமிஷம் இருக்கிறது. கை துடைத்த காகிதத்தை எட்டாக மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். அடித்துவிட்டேன். நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தாங்க.

"ஹலோ, யாரு?" "அக்கா, நான் தன்ஷிகா அம்மா." "ஆ, சொல்லுங்க தன்ஷிகா அம்மா. என்ன, ஸ்கூல்ல ஏதாச்சுமா?" "இல்லக்கா, அதெல்லாம் இல்ல. நாளைக்கு விஷயமா. நான் புரட்டாசின்னு பாக்காமப் போட்டுட்டேன்க்கா, மனசுல வச்சுக்காதீங்க." அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. "நாளைக்கு என்ன? ஓ, அதுவா. அத நாங்க அப்பவே கேன்சல் பண்ணிட்டோமே. குரூப்ல போட்டேனே, நாளைக்கு எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, பெருமாளுக்குச் சக்கரப் பொங்கல் வைக்கறேன்னு." குரூப்பிலா. குரூப்பை இப்போதுதானே மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். "இல்லக்கா, நான் பாத்தேன், அப்படி ஒண்ணும்." "அட, இதுல இல்ல, அது வந்து." நின்றாங்க. நின்ற அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, அவங்க முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. இன்னொரு குரூப் இருக்கிறது. அஞ்சு பேருக்கு. திட்டுக்கு என்று ஒரு குரூப். "அது நாங்க சும்மா, ப்ரீ கேஜில இருந்தே ஆரம்பிச்சதுங்க, அப்போ நீங்க வரல இல்ல. உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். யாரும் சொல்லலியா?" "பரவால்லக்கா." "இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க." "சே சே, இதுல என்னக்கா இருக்கு." நான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு நன்றாக வரும், ஸ்கூலில் கூட டீச்சர் சொல்வாங்க, பொன்மாரி அடி வாங்கும்போதும் சிரிப்பா என்று. அமுதவல்லி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தும் சிரித்தேன். ஜன்னல் மேசையில் 'ரிசர்வ்டு' என்று ஒரு அட்டையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள், நாளைக்குத்தான் என்று சொன்னேன், இன்றைக்கே வைக்கிறாள் பாவம். வேண்டாம் என்று கையைக் காட்டலாம், கை எழவில்லை. பத்தொன்பதாம் தேதி தவறில்லை. புரட்டாசி தவறில்லை. காளானும் எண்ணெயும் தவறில்லை. நாலு கடை ஏறி இறங்கி நான் கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அங்கே பர்கர் என்ற பேச்சே முடிந்துபோயிருக்கிறது, யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லக்கூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல முதலில் நினைக்கணும். நினைப்பில் நான் இல்லை, அவ்வளவுதான். அவங்க மேல் கோபமே வரவில்லை, வந்தால் நன்றாக இருக்கும்.

"தன்ஷிகா அம்மா, லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன்க்கா." "நாளைக்கு நீங்களும் வந்துடுங்களேன், சக்கரப் பொங்கல்தான்." இப்போது கூப்பிட்டாங்க, நான் கேட்டுவிட்டதால் கூப்பிட்டாங்க, அந்தக் குரலில் அது தெரிந்தது, அதுவும் அவங்க குற்றமில்லை. ஐந்து பேருக்கு அளந்த பொங்கலில் ஆறாவது இலை. போவேனா, தெரியாது. போனாலும் அங்கேயும் ஓரமாக நிற்க ஒரு இடம் கண்டுபிடித்துவிடுவேன், எனக்கு அந்தத் திறமை உண்டு. "பாக்கறேன்க்கா" என்றேன். "கண்டிப்பா வாங்க, என்ன. சரி, வெச்சிடட்டுமா? அடுப்புல வேலை இருக்கு." மணி பதினொன்று பன்னிரண்டு. எட்டு நிமிஷத்தில் எழுந்து, சந்துக்கு வெளியே வந்து, பஸ் பிடித்து, பிள்ளை நூறு எண்ணுவதற்குள் போய்ச் சேரணும், சாயங்காலம் துணி மடிக்கணும், ராத்திரி டைரியைப் பார்த்து அடுத்த வாரத்துக் கலரைப் படித்து வைக்கணும், இவர் பெருங்குடியிலோ எங்கேயோ யாரையோ வெளியே எடுத்துவிட்டு அலுத்துப்போய் வருவார், தட்டைப் பார்த்துக்கொண்டே தின்பார், இன்றைக்கு இந்தப் போன் வைத்த பிறகு ஒரு பொம்பளைக் குரல் என் காதில் மறுபடி எப்போது விழும். வைக்கப் போகிறாங்க. விரல் அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் போகிறது, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பொய் சொன்னதைச் சொல்லலாம் என்று இருந்தேன், அது இப்போது யாருக்கும் வேண்டாத சேதி. சொல்ல என்னென்னவோ வந்தது, நல்ல பர்கர், மோசமான பர்கர், பன்னை விரலால் அமுக்கினது, எதுவும் அவங்களுக்குத் தேவையில்லை. அதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டு, என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்க, கேட்டுவிட்டேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் வைக்காதீங்க. இன்னைக்கு உங்க வீட்டுல என்ன கொழம்புன்னு மட்டும் சொல்லிட்டு வைங்க."